போரின் நடுவே படையைப் பிரித்துக் கோர்ப்பது

ஈராக்கில் போரிட்டபடியே அமெரிக்கத் தரைப்படை எப்படித் தன் அமைப்பை மாற்றியது, களத்திலிருந்து ஆட்களைத் திருப்பி அழைத்தார்களா என்ற இடத்தில் உங்கள் கட்டுரை நிற்கிறது என்றீர்கள். அப்படி அழைக்கவில்லை. சுழற்சியில் ஊர் திரும்பிய படையைத்தான் பிரித்துக் கோர்த்தார்கள்.

முன்பு பீரங்கி, பொறியியல், வழங்கல் எல்லாம் பெரும்பாலும் டிவிஷன் என்னும் பெரிய படைப்பிரிவின் கையில் இருந்தன. டிவிஷனுக்குள் அடங்கிய ஒரு பிரிகேடை (சில ஆயிரம் பேர் கொண்ட உட்பிரிவை) மட்டும் அனுப்ப வேண்டுமென்றால் அங்கிருந்து பிய்த்துக் கொடுக்க வேண்டும். 2003இல் பணி ஓய்விலிருந்து திரும்பித் தலைமைத் தளபதியான பீட்டர் ஷூமேக்கர் அவற்றைப் பிரிகேடுக்குள்ளேயே வைத்தார். முதல் சோதனை 3ஆம் காலாட்படை டிவிஷன். 2003இல் ஈராக்கிலிருந்து வந்தது, மூன்று பிரிகேடுகள் நான்காயின, 2005 தொடக்கத்தில் மறுபடி ஈராக். மூச்சுவிட நேரம் இருந்திருக்காது!

சரி, இதற்குக் கொடுத்த விலையையும் எழுதுங்கள். பிரிகேடுகளைப் பெருக்குவதற்காகப் பெரும்பாலானவற்றில் இரண்டே போரிடும் பட்டாலியன்களை (பிரிகேடின் உட்பிரிவுகளை) வைத்தார்கள். எண்ணிக்கை கூடியது, ஒவ்வொன்றும் இளைத்தது என்பேன். 2013இல் மூன்றாவது பட்டாலியனைத் திரும்பச் சேர்க்க முடிவெடுத்தார்கள். அப்புறம், 2007இல் களப்பணிக் காலம் 12 மாதத்திலிருந்து 15 மாதமானதையும் விட்டுவிடாதீர்கள்.