மூத்திரத்துல ரத்தம், சூடுன்னு விட்டுடாதீங்க தம்பி

தம்பி, பொறந்ததுலேருந்து இடது தொடையில ஒயின் கலர் மச்சம், அந்தக் கால் கொஞ்சம் பெருசு, விதைப்பையிலயும் ரத்த நரம்பு புடைச்சிருக்கு, ரெண்டு மாசமா வலியே இல்லாம மூத்திரத்துல ரத்தம், சூடுன்னு இளநீர் குடிக்கிறேன்னு எழுதிருக்கீங்க, படிச்சதும் பதறிடுச்சு, ஏன்னா எனக்கும் இதேதான். கிளிப்பல் ட்ரெனோனே சிண்ட்ரோமா இருக்கலாம், 1900லயே பிரெஞ்சு டாக்டருங்க ரெண்டு பேரு எழுதி வச்சது, கருவுலயே ரத்தக்குழாய் உருவாகுறதுல வர்ற கோளாறு. வெளிய பிறப்புறுப்புல நரம்பு தெரிஞ்சா உள்ள மூத்திரப்பை, மலக்குடல் சுவர்லயும் இருக்க வாய்ப்பிருக்கு, ரத்தம் அங்கேருந்து கசியலாம். சீக்கிரம் மூத்திரக் கோளாறு பாக்குற யூராலஜிஸ்ட்கிட்ட போங்க, இடுப்புக்கு எம்ஆர்ஐ, மூத்திரப்பைக்குள்ள கேமரா விட்டு பாக்குறது ரெண்டும் சொல்லுவாங்க.

நான் முதல்ல வெட்கப்பட்டு வேட்டிய முழங்கால் வரைக்கும் தூக்கி கால மட்டும்தான் காட்டுனேன், சாதாரண வெரிகோஸ், அதாவது கால் நரம்பு சுருட்டல்னு சொல்லி ஆபரேஷனுக்கு தேதியே குடுத்துட்டாங்க, அப்புறம் வேற டாக்டர் ரத்த ஓட்டத்தப் பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுத்தப்போதான் ஆழத்துல இருக்க வேண்டிய நரம்பு சரியா வளரலன்னு தெரிஞ்சுது, மேல் நரம்ப எடுத்திருந்தா கால் இன்னும் மோசமாயிருக்கும். அதனால எல்லாத்தையும் காட்டிடுங்க, டாக்டர்கிட்ட என்ன வெட்கம். கட்டி கட்டியா ரத்தம் போய் மூத்திரம் அடைச்சாலோ, திடீர்னு மூச்சு வாங்குனாலோ உடனே எமர்ஜென்சிக்கு போயிடுங்க. ரிப்போர்ட் வந்ததும் இங்க எழுதுங்க, பாத்துட்டே இருப்பேன்.