சித்தாந்தக் கேள்வி-பதில்: ஆணவத்தைக் கொடுத்தது யார்?

கேள்வி: இறைவன் கருணையே வடிவானவன் என்றால், உயிருக்கு ஆணவ மலம் என்னும் அழுக்கை ஒட்டவைத்தது யார்?
– வாசகர், காரைக்குடி

பதில்: யாரும் ஒட்டவைக்கவில்லை. சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (ஆணவம் முதலிய கட்டு) மூன்றும் அநாதி, அதாவது தொடக்கம் இல்லாதவை. செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு. நெல்லுக்கு உமி எங்கிருந்தோ பிறகு வந்து சேர்ந்ததில்லை. 'அது ஏன் அப்படி?' என்று மேலும் கேட்டால் அதற்குமேல் விடை கிடையாது. அநாதி என்பதை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த பேச்சு. ஒப்பாதவர் இங்கேயே விடைபெற்றுக்கொள்ளலாம், அதில் தவறில்லை. ஆனால் ஒன்று: அழுக்கைப் பூசியவனே கழுவவும் வருகிறானா என்ற கேள்வி இந்த நிலைப்பாட்டில் எழாது.

ஆணவம் என்றதும் திமிர் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். திமிர் அதன் விளைவுகளில் ஒன்று, அவ்வளவே. உயிரின் அறிவை மறைத்து அதை அணுபோலச் சிறுக்கச் செய்வதால் ஆணவம். சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் தம் திருவருட்பயன் நூலில் சொல்வதைப் பாருங்கள்: 'ஒருபொருளும் காட்டாது இருள்உருவம் காட்டும், இருபொருளும் காட்டாது இது.' கரண்ட் போன வீட்டில் அலமாரி தெரியாது, ஆனால் இருட்டு தெரியும். ஆணவமோ பிறவற்றையும் மறைக்கும், தான் இருப்பதையும் காட்டாது. 'எனக்கு ஆணவமே இல்லை' என்று சொல்வது அதனால்தான் அத்தனை சுலபம்!

கேள்வி: உடலுக்கும் உலகுக்கும் மூலமான மாயையும் மலம்தானே? மலத்தைப் போக்க இன்னொரு மலத்தாலான உடம்பு எதற்கு?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: சிவஞான சித்தியார் என்ற சித்தாந்த நூலும் இதையே கேட்டு, சலவைத் துறையிலிருந்து விடை எடுக்கிறது. அழுக்குத் துணியை வெளுக்க அதில் சாணியையும் உவர்மண்ணையும் ஏற்றுவார்கள். பார்த்தால் துணி முன்னைவிட மோசமாகியிருக்கும். கசக்கி அலசும்போது ஏற்றியதும் போகும், பழைய அழுக்கும் போகும். உடல், கருவிகள், உலகம் எல்லாம் அந்த உவர்மண். விடியும்வரைக்குமான விளக்கு என்றும் மாயையைச் சொல்வதுண்டு.

முத்தியில், அதாவது உயிர் விடுதலை பெறும்போது, ஆணவம் அழிந்துபோகிறது என்று எழுதுவோர் உண்டு, அது பிழை. மூன்றும் அநாதி என்றால் ஒன்று மட்டும் எப்படி இல்லாமல் போகும்? அதன் சக்திதான் கெடுகிறது.

கேள்வி: சிவஞானபோதத்தை நேரடியாகப் படிக்கலாமா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: சித்தாந்தத்தின் மூலநூல் அது. 12 சூத்திரம், மொத்தம் 40 வரிதானே என்று துணிகிறவர்கள் முதல் சூத்திரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். 'அந்தம் ஆதி' என்பதை 'முடிவும் தொடக்கமும்' என்று படித்தால் ஒன்றும் புரியாது. ஒடுக்குகிறவன் எவனோ அவனே உலகுக்கு முதல் என்பதுதான் அங்கே பொருள். எல்லாம் ஒடுங்கியபின் எஞ்சுபவனிடமிருந்துதானே மறுபடி தோற்றம் வரவேண்டும்?

முதலில் உண்மை விளக்கம் படியுங்கள். மாணவன் கேட்க ஆசிரியர் சொல்லும் சிறிய வெண்பா நூல், கலைச்சொற்கள் அதில் பழகிவிடும். அடுத்து திருவருட்பயன், 100 குறள். நாளுக்கு ஒன்று போதும். அதன்பின் சிவஞான சித்தியாரில் நம் கொள்கையைச் சொல்லும் பகுதியான சுபக்கம். பரபக்கத்தை இப்போது தொடாதீர்கள். பிற மதங்களை மறுக்கும் பகுதி அது. நம் கட்சி இன்னதென்று தெரியாமல் அடுத்தவர் கட்சியை மறுத்து என்ன பயன்? இவ்வளவும் ஆனபின் சிவஞானபோதத்தைச் சிவஞான முனிவரின் சிற்றுரையோடு எடுங்கள். அவரே எழுதிய விரிந்த உரையான மாபாடியத்துக்கு அவசரமில்லை.