ஆழியாறு தண்ணீரும் இரண்டு பேப்பரும்: செய்தியைக் கேள்வி கேட்கப் பழக்குவது பற்றி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர், எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி (ஆசிரியை, கொழிஞ்சாம்பாறை): வணக்கம் டீச்சர். செய்தியைக் கேள்வி கேட்கும் பழக்கத்தை எட்டாம் வகுப்பில் தொடங்க ஆசை. எந்தச் செய்தியை எடுக்கலாம்?

பதில்: தமிழ்நாட்டிலிருந்து நம் பக்கம் வரும் ஆழியாறு தண்ணீரை எடுங்கள் டீச்சர். நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டுத் தென்னையும் நெல்லும் அந்தத் தண்ணீரில்தான். ஒரே நாள் மலையாளப் பேப்பர் ஒன்றும், பொள்ளாச்சிச் செய்தி வரும் தமிழ்ப் பேப்பர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு இரண்டும் படிக்கத் தெரியும். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் படிக்கிற பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது.

முதலில் தலைப்பில் இருக்கும் வினைச்சொல்லை மட்டும் அடிக்கோடிடச் சொல்லுங்கள். ஒன்றில் தமிழ்நாடு தண்ணீர் தர 'மறுக்கிறது' என்றிருந்தால், மற்றதில் அதே தண்ணீர் கேரளத்துக்குப் 'போகிறது' என்றிருக்கும். அடுத்து, உள்ளே யார் யார் பேசியிருக்கிறார்கள் என்று எண்ணட்டும். இங்கே சித்தூர் விவசாயி, அங்கே ஆனைமலை விவசாயி. இரண்டு பேருமே தங்கள் வயலைப் பார்த்து உண்மையைத்தான் சொல்லியிருப்பார்கள். விட்டுப்போனது மற்றவருடைய வயல்.

கடைசியாகக் கணக்கைப் பலகையில் எழுதுங்கள். 1970 இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, மணக்கடவு தடுப்பணை வழியாகக் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும். தண்ணீர்க் கணக்கில் ஆண்டு என்பது ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. இந்த எண் இரண்டு செய்தியிலும் இருக்கிறதா? இன்றுவரை எவ்வளவு வந்தது என்று எழுதியிருக்கிறார்களா? 'பங்கு வரவில்லை' என்ற வரிக்கு ஆகஸ்டில் ஒரு பொருள், மே மாதத்தில் வேறு பொருள். அதை நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

கேள்வி (ஒரு தாய், வேலந்தாவளம்): இதையெல்லாம் பழக்கினால் பிள்ளைகள் எதையுமே நம்பாமல் போய்விட மாட்டார்களா டீச்சர்? என் மகன் இப்போதே 'எல்லாப் பேப்பரும் பொய்' என்கிறான்.

பதில்: எந்தப் பேப்பர், எந்த வரி என்று கேளுங்கள் அம்மா. எல்லாம் பொய் என்று சொல்லிவிட்டால் படிக்கிற வேலையே மிச்சம், அவ்வளவுதான். பிழை திருத்தம் என்று சின்ன எழுத்தில் போடுகிறார்களே, அதை அவனுக்குக் காட்டுங்கள். தப்பை ஒப்புக்கொண்டு திருத்தும் பேப்பரை நான் ஒரு படி கூடுதலாக நம்புவேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, பாலக்காடு): 2020 இல் கர்ப்பிணி யானை இறந்த செய்தியை வகுப்பில் அலசச் சொல்லியிருக்கிறார்கள். எங்கே ஆரம்பிப்பது?

பதில்: இடத்தில் ஆரம்பி மோளே. அந்த யானை வெள்ளியாற்றில் நின்றபடி உயிர்விட்டது மே 27 அன்று. ஊர் மண்ணார்க்காடு பக்கம், நம் பாலக்காடு மாவட்டம். வனத்துறை ஊழியர் ஒருவர் முகநூலில் மனம் வெந்து எழுதியதும் நாடே கலங்கியது. ஆனால் நாடு முழுக்கப் பரவிய செய்திகள் பலவற்றில் மாவட்டம் 'மலப்புரம்' ஆகிவிட்டது. பெரிய தலைவர்களே அப்படிப் பேசினார்கள். மலப்புரம் முஸ்லிம்கள் அதிகம் வாழும் மாவட்டம். மாவட்டத்தின் பெயரை மாற்றி எழுதியதில், சம்பந்தமே இல்லாத ஒரு சமூகத்தின் மேல் பழி விழுந்தது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

அடுத்தது பழம். வெடி வைத்த அன்னாசியை யாரோ வேண்டுமென்றே ஊட்டினார்கள் என்றுதான் முதலில் படித்தோம். பிறகு விசாரணையில் வந்தது, காட்டுப்பன்றிக்காக வைத்த வெடித் தேங்காய் என்று. அதுவும் குற்றம்தான், ஆனால் வேறு குற்றம். முதல் வாரச் செய்திகளை எடுத்து வைத்துக்கொண்டு, 'ஊட்டினார்கள்' என்ற வரிக்குப் பக்கத்தில், அதைப் பார்த்தவர் யார் என்று தேடு. அந்த இடம் காலியாக இருக்கும். வகுப்பில் அதைக் காட்டினால் போதும், நீ அதிகம் பேச வேண்டியிருக்காது.

கேள்வி (தாத்தா, கோபாலபுரம்): பேரன் வாட்சப்பில் எதெதையோ காட்டுகிறான். நிஜமா பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது அம்மா?

பதில்: மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது ஐயா, அனுப்பியவருக்கே மூலம் தெரியாது. 2018 வெள்ளத்தில் முல்லைப்பெரியாறு உடைந்துவிட்டதாக ஒரு குரல் பதிவு சுற்றியது நினைவிருக்கும். அணை உடையவில்லை. படம் வந்தால் பேரனைக் கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய படமாக இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பரவிய காணொளிகளில் வேறு மாநிலத்தில் நடந்தவையும் இருந்தன.

கேள்வி (ஆசிரியர், குமுளி): முல்லைப்பெரியாறு என்றாலே என் வகுப்பில் சண்டை டீச்சர். பாதிப் பிள்ளைகளுக்கு அணை பயம், மீதிப் பிள்ளைகளுக்குக் கம்பத்தில் சொந்தபந்தம்.

பதில்: சண்டைக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள் மாஷே. இரு தரப்பும் மறுக்காதவற்றை முதலில் எழுதுங்கள்: 1895 இல் முடித்த அணை, 1979 இல் நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைத்தார்கள், 2014 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுப் பேச்சுக்கு எதிர்ப்பக்க வாதத்தை எழுதட்டும், கேலி இல்லாமல். வண்டிப்பெரியாற்றில் மழை இரவில் தூங்காத அம்மாவை ஒருவன் எழுதவேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் நாற்றங்காலுக்குத் தண்ணீர் பார்த்திருக்கும் அப்பாவை இன்னொருவன். அதன்பின் கேளுங்கள்: 'பலவீனம்' என்று சொன்னது எந்த ஆய்வு, 'பலம்' என்று சொன்னது எந்த ஆய்வு, ஆய்வுக்கு ஏற்பாடு செய்தது யார்?

கேள்வி (ஆசிரியர், மீனாட்சிபுரம்): எனக்கே கட்சிச் சார்பு உண்டு. நான் இதைச் சொல்லிக்கொடுக்கலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் முதல் வகுப்புக்கு நீங்கள் வீட்டில் வாங்கும் பேப்பரையே எடுத்துப் போங்கள். எந்தச் செய்தியைப் படித்ததும் 'சரியாகப் போட்டான்' என்று தோன்றியதோ, அதையே பிள்ளைகளிடம் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எதிர்க்கட்சிப் பேப்பரை இரண்டாம் வாரம் எடுத்தால் போதும்.