ஹோகிடிகா: பொன் கிடைத்த கரையில் இரண்டு நாள் (கேள்வி பதில்)

நியூசிலாந்தின் தென்தீவில், மேற்குக் கரையில் இருக்கும் சின்ன ஊர் ஹோகிடிகா. 1864-இல் அந்தப் பகுதியில் பொன் கிடைத்ததால் முளைத்த ஊர் அது. இன்றைக்கு அங்கே சுமார் 3,000 பேர்தான் இருப்பார்கள். கிரைஸ்ட்சர்ச்சில் குடியிருக்கும் நான், பல வருடங்களாக அங்கே போய் வருகிறேன். போக நினைப்பவர்கள் கேட்ட கேள்விகளும், எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

கேள்வி: அக்கா, நாங்கள் காரில் ஃபிரான்ஸ் ஜோசஃப் பனியாறு பார்க்கப் போகிறோம். வழியில் ஹோகிடிகாவில் மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். போதும்தானே?

பதில்: போதாது தம்பி. முதல் தடவை நானும் அப்படித்தான் போனேன். சாப்பிட்டுவிட்டு, கடற்கரையில் மிதவைக் கட்டைகளை அடுக்கி எழுதியிருக்கும் ஊர்ப் பெயர் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, 135 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் பனியாற்றுக்கு ஓடினோம். அங்கே மேகம் மூடி ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது வேறு வழியில்லாமல் ஹோகிடிகாவில் தங்கினோம். மறுநாள் காலை வானம் வெளுத்திருந்தது. கடற்கரையில் நின்றபடியே நாட்டிலேயே உயரமான, 3,724 மீட்டர் அவோராகி (மவுண்ட் குக்) மலை தெரிந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டு இரவு தங்குங்கள். இந்த ஊரின் அழகு சாயங்காலத்திலும் விடியலிலும்தான் இருக்கிறது.

கேள்வி: இவ்வளவு சின்ன ஊரை ஏன் வரலாற்று ஊர் என்கிறார்கள்? அப்படி என்னதான் நடந்தது?

பதில்: 1860-இல் பிரிட்டிஷ் அரசு இந்த மேற்குக் கரை நிலம் கிட்டத்தட்ட முழுவதையும் நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களிடமிருந்து வெறும் 300 பவுண்டுக்கு வாங்கியது. நாலே வருடத்தில், தரமகாவ் ஆற்றை ஒட்டிய ஓடைகளில் பொன் தென்பட்டது. முதலில் கண்டவர்களில் இஹாயா தைனுய், ஹைமோனா தௌகவ் என்ற இரண்டு மாவோரிகளும் உண்டு. சேதி பரவியதும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா பொன்வயல்களிலிருந்தும் தெற்கே ஒடாகோவிலிருந்தும் ஆட்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். சில வருடங்களிலேயே, நாட்டின் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்றாகிவிட்டது ஹோகிடிகா. தெருவில் சாராயக் கடையும் தங்கும் விடுதியுமாக நூறு இருந்தனவாம்.

ஆனால் அந்தத் துறைமுகம் ஓர் ஆற்று முகத்துவாரம். வெள்ளத்துக்கு வெள்ளம் மணல் திட்டு இடம் மாறும். நேற்று கப்பல் நுழைந்த வழி இன்றைக்கு இருக்காது. வந்த கப்பல்களில் எத்தனையோ தரை தட்டின, உடைந்தன. தரை தட்டிய கப்பலைத் திட்டின் மேலேயே இழுத்து அந்தப் பக்கம் ஆற்றில் இறக்கிவிடுவது ஒரு தொழிலாகவே நடந்திருக்கிறது. கிப்சன் கீ என்ற பழைய படகுத்துறை வழியாக ஆற்றோரமே நடந்தால் முகத்துவாரத்துக்குப் போய்விடலாம். அலையும் ஆற்று நீரும் மோதும் அந்த இடத்தில் பத்து நிமிடம் நின்றால், ஏன் அத்தனை கப்பல் உடைந்தது என்று யாரும் சொல்லாமலே புரியும்.

இன்னொரு விஷயம். இங்கே எடுத்த பொன் கடல் வழியே மெல்போர்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைத் தன் பக்கம் திருப்ப கிரைஸ்ட்சர்ச் அவசர அவசரமாக மலைகளுக்கு நடுவே சாலை போட்டது. ஆர்தர் டட்லி டாப்சன் 1864-இல் அளந்த கணவாய் அது. குளிரில், கையால் வெட்டி, 1866-இல் சாலை முடிந்தது. ஆனாலும் பொன் கடல் வழியேதான் போனது! சாலை மட்டும் நமக்கு மிச்சம். நீங்கள் காரில் வரப்போவது அதே ஆர்தர்ஸ் பாஸ் வழியில்தான்.

கேள்வி: என் தாத்தா கோலார் தங்க வயலில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை பார்த்தவர். ஹோகிடிகாவிலும் அப்படி ஆழச் சுரங்கம் பார்க்க முடியுமா?

பதில்: உங்கள் தாத்தா பார்த்தது பாறைத் தங்கம். கோலாரில் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போய் வெட்டினார்கள். ஹோகிடிகாவில் கிடைத்தது வண்டல் தங்கம். மலையிலிருந்த பொன்னைப் பனியாறுகள் அரைத்துக் கொண்டுவந்தன. ஆறுகள் அதைப் பிரித்துக் கூழாங்கல்லுக்கும் கடற்கரைக் கருமணலுக்கும் நடுவே போட்டுவிட்டுப் போயின. அதனால் அங்கே ஆழக் குழியைவிட ஓடை, வாய்க்கால், கல் குவியல்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

தாத்தாவை நினைத்துக்கொண்டு போவதானால் வடக்கே ரீஃப்டன் பக்கம் போய், வையூட்டாவைப் பாருங்கள். 1905-இல் கண்டுபிடித்த பாறைத் தங்கத்துக்காகவே எழுந்த ஊர். அங்கே பிளாக்வாட்டர் சுரங்கம் 879 மீட்டர் ஆழம். 1951-இல் ஒரு குழி சரிந்தது, சுரங்கத்தை மூடினார்கள். கொஞ்ச நாளில் ஊரே காலியானது. புகைபோக்கி, வீட்டு அடித்தளம், துருப்பிடித்த இரும்பு, நடுவே யாரோ அன்றைக்கு நட்ட பூச்செடிகள். சுரங்கத் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் சும்மா பார்த்துவிட்டுப் போகிற இடமாக இருக்காது.

கேள்வி: நாமே பொன் தேடிப் பார்க்கலாமா? கிடைத்தால் வைத்துக்கொள்ள விடுவார்களா?

பதில்: தாராளமாக. இதற்கென்றே பொதுமக்களுக்கு ஒதுக்கிய ஓடைகள் மேற்குக் கரையில் பல உண்டு. ஹோகிடிகாவுக்கு வடகிழக்கே உள்காட்டில் கோல்ட்ஸ்பரோ, தெற்கே ராஸ் ஊரில் ஜோன்ஸ் கிரீக், இந்த இரண்டும் பக்கம். அங்கே உரிமம் வேண்டாம், கிடைத்தது உங்களுக்கே. தட்டு, மண்வெட்டி போன்ற கைக்கருவி மட்டும்தான், மோட்டார் கூடாது. கரையைக் குடையாதீர்கள், தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள். எல்லை காட்டும் பலகையைத் தாண்டிப் போகக் கூடாது, அடுத்த பக்கம் வேறொருவரின் உரிமமாக இருக்கலாம்.

எப்படி அரிப்பது என்று பலரும் கேட்கிறார்கள். அரிசியில் கல் அரித்த கைக்கு இது புதிதில்லை. கல் கனம், அடியில் நிற்கும், அரிசி தண்ணீரோடு மேலே வந்துவிடும். இங்கே மணல்தான் அரிசி, பொன்தான் கல். தண்ணீரைவிடப் பொன் 19 மடங்கு கனம். ஆகவே ஓடையில் எங்கே நீர் வேகம் குறைகிறதோ, அங்கே தங்கும். பெரிய பாறையின் பின்பக்கம், வளைவின் உட்புறம், அடிப்பாறையின் வெடிப்பு. மேலே கிடக்கும் மணலை அள்ளினால் ஒன்றும் இராது. அடிப்பாறை தட்டுப்படும்வரை தோண்டி, அந்தக் கடைசி ஒரு கை மண்ணை எடுங்கள்.

தட்டை நீருக்குள் வைத்து முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும். கனமானது அடியில் இறங்கட்டும். அப்புறம் சரித்து, நீர் மேல்மணலைக் கொண்டுபோகும்படி மெதுவாக ஆட்டுங்கள். கால் மணி நேரத்தில் தட்டில் ஒரு ஸ்பூன் அளவு கருமணல் மிஞ்சும். நடுநடுவே இளஞ்சிவப்பாகப் பொடிப்பொடியாக இருப்பது கார்னெட் என்ற கனிமம். இப்போது கொஞ்சம் தண்ணீர் விட்டு, தட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கருமணல் வால்போல நீளும். அந்த வாலின் முனையில், நகராமல், மஞ்சளாக ஒரு புள்ளி நிற்கும். மிளகாய் விதையில் பாதிகூட இருக்காது. நிழலில் பிடித்துப் பாருங்கள். வெயிலில் மட்டும் மின்னி நிழலில் மங்கினால் அது அபிரகம். பொன் நிழலிலும் மஞ்சளாகவே இருக்கும்.

எனக்கு முதல் புள்ளி கிடைக்க அரை நாள் ஆனது. கால் மரத்துப்போயிருந்தது. அந்தப் புள்ளியை விரல் நுனியில் ஒற்றி, சின்னக் குப்பித் தண்ணீருக்குள் இறக்கினேன். இன்றைக்கும் என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது.

ராஸ் போனால் "ஹானரபிள் ராடி" கதையையும் கேட்டுவிட்டு வாருங்கள். 1909-இல் அங்கே கிடைத்த கட்டி அது, 3 கிலோவுக்கும் மேல். 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டுக்குப் பரிசாகப் போனது. அரண்மனைப் பாத்திரங்களுக்குப் பூச்சுப் பூச உருக்கிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

கேள்வி: குழந்தைகள் ஓடையில் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார்கள். அவர்களுக்கு?

பதில்: கிரேமவுத் பக்கத்தில் ஷாண்டிடவுன் என்ற மாதிரி ஊர் இருக்கிறது. நீராவி ரயில், பழைய கடைகள், அப்புறம் பொன் அரித்துப் பார்க்க ஏற்பாடு. அவ்வளவும் பிற்காலத்தில் கட்டியதுதான், ஆனால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அங்கே சீனத் தொழிலாளிகளின் குடியிருப்பையும் காட்டியிருக்கிறார்கள், அதை அவசரப்படாமல் பாருங்கள்.

இரவில் ஹோகிடிகாவின் வடக்கு முனையில், நெடுஞ்சாலையை ஒட்டியே, ஒளிப்புழுக்கள் மினுங்கும் ஒரு சிறு பள்ளத்தாக்கு இருக்கிறது. கட்டணம் இல்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, கண் பழகும்வரை பேசாமல் நில்லுங்கள். அவை மின்மினி இல்லை, ஒரு வகைச் சிறு பூச்சியின் புழுப்பருவம். வெளிச்சம் காட்டித்தான் இரை பிடிக்கின்றன.

கடலில் மட்டும் பிள்ளைகளை இறக்காதீர்கள். அது குளிக்கும் கடற்கரை இல்லை, இழுப்பு மிக அதிகம்.

கேள்வி: பச்சைக் கல் மாலை வாங்க ஆசை. ஏமாறாமல் எப்படி வாங்குவது? கடற்கரையில் பொறுக்கலாம் என்கிறார்களே?

பதில்: அந்தக் கல்லின் பெயர் பொவுனமு. பொன்னுக்கு முன்பிருந்தே இந்தக் கரையின் பெருமை அதுதான். தென்தீவின் மாவோரிப் பெயரான தே வாய்பொவுனமுவிலேயே அது இருக்கிறது. 1997-இல் வந்த சட்டப்படி, அது தென்தீவின் மாவோரி இனக்குழுவான ங்காய் தஹு மக்களுக்கு உரியது. மேற்குக் கரைக் கடற்கரைகளில், ஒரு ஆள் ஒரு நாளில் கையால் தூக்கிப்போகும் அளவு பொறுக்கிக்கொள்ள அவர்கள் அனுமதிக்கிறார்கள். அரஹுரா ஆற்றில் மட்டும் தொடவே கூடாது, அது அவர்களின் முக்கியமான ஆறு. பச்சையாக இருப்பதெல்லாம் பொவுனமு இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடையில் வாங்கினால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கல் எந்த ஆற்றிலிருந்து வந்தது?" ஜேட் என்ற வெளிநாட்டுப் பச்சைக் கல்லை இங்கே செதுக்கி விற்பதும் உண்டு. ஹோகிடிகாவில் செதுக்குபவர்கள் கண்ணெதிரே வேலை செய்கிறார்கள். கல் பெரிதா சிறிதா என்பதைவிட, செதுக்கியவரோடு பேசி வாங்குவதுதான் எனக்குப் பிடிக்கும். பொவுனமுவைத் தனக்கென்று வாங்குவதைவிட மற்றவருக்குப் பரிசாகக் கொடுப்பது இங்கே பழக்கம். உங்கள் அம்மாவுக்கு வாங்குங்கள்.

கேள்வி: ரயிலா, காரா? இந்திய லைசென்ஸ் செல்லுமா?

பதில்: டிரான்ஸ்ஆல்பைன் ரயில் கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து கிரேமவுத் வரை 223 கிலோமீட்டர், சுமார் 5 மணி நேரம். நடுவே 1923-இல் திறந்த ஒடிரா குகைப்பாதை எட்டரை கிலோமீட்டர். இறங்கியபின் ஹோகிடிகா இன்னும் 40 கிலோமீட்டர், அதனால் கிரேமவுத்தில் கார் எடுத்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் இருக்கும் லைசென்ஸ் செல்லும், நம் ஊர் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும்.

பாலங்கள் பல ஒருவழிப் பாலங்கள். பலகையில் உங்கள் பக்கத்து அம்பு சிறிதாகச் சிவப்பில் இருந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும். மலை ஏறுவதற்கு முன்பே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆர்தர்ஸ் பாஸ் பக்கம் நிறுத்தினால் கியா என்ற மலைக்கிளி காரின் ரப்பரைக் கொத்தும். அழகுதான், ஆனால் தீனி போடாதீர்கள். மனிதர் போடும் தீனியால் அவை கெட்டுப்போகின்றன.

கேள்வி: மழை, பூச்சி என்று பயமுறுத்துகிறார்கள். எப்போது போவது?

பதில்: மழை உண்மை, வருடத்துக்கு சுமார் 2,900 மில்லிமீட்டர். எந்த மாதமும் பெய்யும். பிப்ரவரி, மார்ச் கொஞ்சம் நம்பலாம், குளிர்காலத்திலும் தெளிந்த நாட்கள் உண்டு. பெருமழை அடித்த மறுநாள் ஹோகிடிகா கார்ஜ் மட்டும் போகாதீர்கள். ஊரிலிருந்து 33 கிலோமீட்டரில் இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் பால் கலந்த நீலப்பச்சையாக இருப்பதே அதன் அழகு. பனியாறு அரைத்த பாறை மாவு கலப்பதால் வரும் நிறம். வெள்ளம் வந்தால் சாம்பல் நிறமாகிவிடும்.

சாண்ட்ஃபிளை கடித்தால் நாள்கணக்கில் அரிக்கும். முழுக்கை, சாக்ஸ், களிம்பு. நடந்துகொண்டே இருந்தால் குறைவு, நின்றால் மொய்க்கும்.

கேள்வி: நாங்கள் சைவம். பொடி, ஊறுகாய் கொண்டுவரலாமா?

பதில்: எதைக் கொண்டுவந்தாலும் விமான நிலையப் படிவத்தில் எழுதிவிடுங்கள். எழுதினால் பார்த்துவிட்டுப் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். மறைத்தால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். தேன் வேண்டவே வேண்டாம். மண் ஒட்டிய செருப்பையும் கழுவிக் கொண்டுவாருங்கள். சமையலறை உள்ள மோட்டல் அறையாக எடுங்கள், ஊரிலேயே சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. அசைவம் சாப்பிடுபவர்கள் செப்டம்பர், அக்டோபரில் போனால், முட்டையில் போட்டுச் சுடும் வைட்பெயிட் பொடிமீன் கிடைக்கும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 78, முழங்கால் வலி. அவரால் எதைப் பார்க்க முடியும் அம்மா?

பதில்: ஊர் சமதரைதான் ஐயா. நடுவில் 1903-இல் கட்டிய மணிக்கூண்டு, அங்கிருந்து கடற்கரை சில நிமிட நடை. கனியரி ஏரிக்குக் காரிலேயே போகலாம், டோரதி அருவியும் சாலைக்குப் பக்கம். சாயங்காலம் முகத்துவாரத்தில் சன்செட் பாயின்ட் வரை கார் போகும். மடக்கு நாற்காலியும் கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அடித்தால் காருக்குள் உட்கார்ந்தே பார்க்கலாம், கண்ணாடிக்கு நேரேதான் சூரியன் கடலில் இறங்கும்.