கறுப்புப் பை

அன்புள்ள ஐயா,

ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமினைப் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். 1940 செப்டம்பரில் நாஜிகளிடமிருந்து தப்பி, பிரான்ஸிலிருந்து ஸ்பெயினுக்குப் பிரனீஸ் மலையைக் கடந்தபோது அவர் சுமந்துவந்த கறுப்புப் பையில் இருந்த கையெழுத்துப் பிரதி என்ன ஆனது? அது கிடைத்திருந்தால் அவருடைய சிந்தனை முழுமையடைந்திருக்கும் அல்லவா?

ச.

அன்புள்ள ச.,

மறுபடியும் அந்தப் பை! காணாமல் போய்விட்டது, அவ்வளவுதான். பாரிஸில் எழுத்தாளர் ஜார்ஜ் பத்தாயிடம் விட்டுவந்த குறிப்புகள் தப்பிப் பிழைத்து, 1982இல் பெரும் நூலாகவே (ஆங்கிலத்தில் ‘The Arcades Project’) வந்துவிட்டன. முதலில் அதைப் படியுங்கள். இதயம் பலவீனமான அந்த மனிதர், பத்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு என்று கணக்குப் பார்த்து மலையேறினார். ஸ்பெயினின் எல்லையூரான போர்ட்போவில் எல்லைக் காவலர்கள் திருப்பி அனுப்புவோம் என்றதும் மார்ஃபின் விழுங்கி இறந்தார். அவரை விட்டுவிட்டுப் பையைத் தேடுகிறீர்களே! அப்புறம் அந்த ‘முழுமை’. துண்டுகளையும் மேற்கோள்களையும் அடுக்கியே சிந்தித்தவரிடம் போயா அதைக் கேட்பது?

நான் கொஞ்ச நாளாக வேறொன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். 1925இல் அவருடைய ஆய்வேட்டை ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. மதிப்பிட்ட பேராசிரியருக்கே அது புரியவில்லை. அதே பெஞ்சமின்தான் 1929 முதல் சில ஆண்டுகள் பெர்லின், ஃபிராங்க்ஃபர்ட் வானொலிகளில் குழந்தைகளுக்காகப் பேசினார். பொம்மைகள், பெர்லின் தெருப்பேச்சு, மோசடிக்காரர்கள், பேரழிவுகள். பிழைப்புக்கான வேலை என்று அவரே அதை ஒதுக்கினார். ஆய்வாளர்களும் வெகுகாலம் அப்படியே நம்பிவிட்டார்கள். எனக்கு அதில் கோபம் உண்டு. எளிதாக எழுதினால் ஆழம் குறைந்துவிடும் என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தான்? 1755 லிஸ்பன் பூகம்பம் பற்றிய பேச்சில், அழிவைச் சொல்லி அழவைத்துவிட்டுப் போகலாம். அவர் போகவில்லை. தத்துவஞானி கான்ட் அந்தப் பூகம்பம் பற்றித் தகவல் திரட்டியதைச் சொல்கிறார். பூமி ஏன் நடுங்குகிறது என்ற பழைய விளக்கத்தைச் சொல்லி, அது போதாது என்று புதியதற்கு வருகிறார். குழந்தையைச் சக சிந்தனையாளராக உட்காரவைக்கிறார். உங்கள் பையில் இதைவிடப் பெரிதாக என்ன இருந்திருக்கும்?

போன மாதம் அந்தப் பேச்சை என் மகளுக்குத் தமிழாக்கிப் படித்துக் காட்டினேன். ஒன்பது வயது. குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும், “அவர் குரலைப் போடுங்கள் அப்பா” என்றாள். ஒரு பதிவுகூட மிஞ்சவில்லை என்றேன். சற்று யோசித்தாள்.

“சரி, இன்னொரு தடவை படியுங்கள். இந்தத் தடவை மெதுவாக.”