இரண்டரை வயதில் வீசிங்: ஆஸ்துமாதானா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. கடந்த ஆறு மாதத்தில் நான்கு முறை வீசிங் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நெபுலைசர் வைத்தால் சரியாகிறது. ஆஸ்துமாவாக இருக்கலாம் என்கிறார் ஒரு டாக்டர். வெறும் சளிதான், வளர வளரப் போய்விடும் என்கிறார் இன்னொருவர். ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ எடுத்து, இதுதான் காரணம் என்று தெரிந்துகொள்ள முடியாதா? இரவெல்லாம் அவன் மூச்சுச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருக்கிறேன்.

பதில்: நீங்கள் கேட்கும் அந்த ஒரே பரிசோதனை இந்த வயதுக்கு இல்லை, அம்மா. ஸ்பைரோமெட்ரி என்று ஊதிப் பார்க்கும் சோதனை உண்டு. ஆனால் அதற்குக் குழந்தை நாம் சொன்னபடி இழுத்து ஊத வேண்டும். ஐந்தாறு வயதுக்கு முன் பெரும்பாலும் அது நடக்காது. அலர்ஜி பரிசோதனை, ஒவ்வாமை இருக்கிறதா என்று மட்டும்தான் காட்டும். அதனால் இரண்டு டாக்டர்களும் வேறு வேறு விதமாகச் சொன்னதில் தவறு தேட வேண்டாம். அவர்கள் பார்த்தது பத்து நிமிடம். மீதிக் கதை முழுக்க உங்களிடம்தான் இருக்கிறது, அதைத்தான் எங்களுக்குக் கொண்டுவர வேண்டும்.

முதலில், கேட்பது வீசிங்தானா என்று பார்ப்போம். வீசிங் என்பது மூச்சை வெளியே விடும்போது நெஞ்சிலிருந்து வரும் மெல்லிய விசில் சத்தம். நுரையீரலின் சின்னக் குழாய்கள் சுருங்கியதால் வருவது. மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்று கேட்டால் குரல்வளைப் பக்கம் பிரச்சினை. அதற்கான காரணங்களும் வைத்தியமும் வேறு. கொரகொரவென்று கேட்டு, இருமியதும் மாறிவிட்டால், அது பெரும்பாலும் மேலே நிற்கும் சளி. பெற்றோர் மூன்றையும் வீசிங் என்றே சொல்வார்கள், அது இயல்புதான். அடுத்த முறை வரும்போது சட்டையைக் கழற்றி, விளக்கைப் போட்டு, டிவியை அணைத்துவிட்டு, முகத்திலிருந்து வயிறு வரை தெரியும்படி செல்போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் சத்தம் அடங்கிவிடும் குழந்தைகள் எத்தனையோ பேர். அந்த வீடியோ எனக்கு ஒரு எக்ஸ்ரேயைவிடப் பல முறை உதவியிருக்கிறது.

அடுத்து, எப்போது வருகிறது என்பது. முதலில் மூக்கு ஒழுகி, இரண்டு மூன்று நாளில் விசில் கேட்டு, சளியோடு அதுவும் போய், அடுத்த சளி வரும்வரை பிள்ளை நன்றாக ஓடி விளையாடினால், காரணம் பெரும்பாலும் வைரஸ்தான். சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாய் அவ்வளவு ஒடுக்கம்; உள்விட்டம் பாதியானால் காற்றுக்கு ஏற்படும் தடை கணக்குப்படி 16 மடங்காகிறது. அமெரிக்காவின் டூசான் நகரில் 1980இல் தொடங்கி, பிறந்ததிலிருந்தே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று வயதுக்குள் வீசிங் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஆறு வயதில் அது இல்லை. இரண்டாவது டாக்டர் அப்படிச் சொன்னதற்கு இப்படி ஒரு அடிப்படை உண்டு.

முதல் டாக்டருக்கும் அடிப்படை உண்டு. சளி இல்லாத நாளிலும் சிரித்தால், ஓடினால், அழுதால் இருமுகிறானா? நடுராத்திரியில் இருமி எழுகிறானா? தோலில் கரப்பான் வந்திருக்கிறதா? உங்களுக்கோ அவன் அப்பாவுக்கோ ஆஸ்துமா உண்டா? இதற்கெல்லாம் ஆம் என்ற பதில் கூடக்கூட ஆஸ்துமாவுக்கான வாய்ப்பும் கூடும். அப்படியானால் குறைந்த அளவு ஸ்டீராய்டு இன்ஹேலரை, ஸ்பேசர் என்ற மருந்தை நின்று இழுக்க உதவும் குழாயை அதில் பொருத்தி, இரண்டு மூன்று மாதம் தினமும் கொடுத்து, பிறகு நிறுத்திப் பார்ப்போம். கொடுக்கும்போது நன்றாக இருந்து, நிறுத்தியதும் திரும்ப வந்தால் அதுவே ஒரு பதில். இதற்காகத்தான் தேதி, சளி இருந்ததா, என்ன கொடுத்தோம், எத்தனை நேரத்தில் அடங்கியது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்கிறேன். வீட்டில் யாராவது புகை பிடித்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை வந்ததற்கு முன்னால் ஏதாவது சாப்பிடும்போது அவனுக்குப் புரையேறியதா? இரண்டு வாரமாக நெபுலைசர் வைத்தும் சத்தம் போகாத ஒரு குழந்தையை என்னிடம் கொண்டுவந்தார்கள். ஸ்டெதஸ்கோப்பை வலப்பக்கம் வைத்தால் காற்று குறைவாகப் போனது, இடப்பக்கம் நன்றாகப் போனது. கேட்டதும் அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. பாட்டிதான் யோசித்து, "அன்னைக்கு வேர்க்கடலை தின்னுக்கிட்டே சிரிச்சான், மூச்சு முட்டிடுச்சு, அப்புறம் சரியாப் போச்சு" என்றார். கேமரா குழாயை உள்ளே விட்டு அரைக் கடலையை எடுத்தோம். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது. உங்கள் மகனுக்கு ஒவ்வொரு முறையும் முழுதாகச் சரியாகிவிடுவதால் இந்தச் சந்தேகம் குறைவுதான். ஆனாலும் வீட்டில் எல்லோரையும் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

மற்ற காரணங்கள் அரிது. ஆனால் அவை தடயம் விட்டுச் செல்லும். பிறந்த சில வாரத்திலிருந்தே சத்தம் இருப்பது, பால் குடிக்கும்போதெல்லாம் இருமுவது அல்லது வியர்த்துக் களைப்பது, எடை ஏறாமல் இருப்பது, எண்ணெய்ப் பசையோடு மலம் போவது, மாதக்கணக்கில் சளியோடு கூடிய இருமல், வீட்டில் யாருக்காவது காசநோய். இதில் ஒன்று இருந்தாலும் சாதாரண வீசிங் என்று விட்டுவிடாமல் குழந்தை நுரையீரல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எக்ஸ்ரே, வியர்வையில் உப்பின் அளவைப் பார்க்கும் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அப்போதுதான் அர்த்தப்படும். நல்லபடியாக வளரும் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் எக்ஸ்ரே எடுக்கத் தேவையில்லை.

சரி, இரவுக்கு வருவோம். அவன் அமைதியாகத் தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அவன் வயதுக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு, அன்றே காட்ட வேண்டும். விலா எலும்புகளுக்குக் கீழே ஒவ்வொரு மூச்சுக்கும் தோல் குழிந்து உள்ளே போவது, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் திணறுவது, உதடு நீலமாவது, கூப்பிட்டால் சோர்ந்து கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அவசரம். களைத்துப்போன பிள்ளைக்கு விசில் சத்தம் திடீரென்று குறைந்தால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். காற்று போவதே குறைந்திருக்கலாம். அந்த நேரத்தில் வீடியோ எடுக்க நிற்காமல், டாக்டர் தந்த இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.