அம்மா ஏற்றிய விளக்கு

கேள்வி: எனக்கு 51 வயது. அலுவலகம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். சென்ற ஆனியில் அம்மா இறந்தார். இருந்தவரை மாலையில் அவர்தான் விளக்கேற்றுவார், நான் பின்னால் நிற்பேன். இப்போது நான் ஏற்றுகிறேன். உதடு பாட்டைச் சொல்கிறது, உள்ளே ஒன்றும் அசைவதில்லை. பக்தியே போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது. இரவு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. மலையூர் ஒன்றில் ஆறு நாள் மௌன முகாம் நடக்கிறது, 35,000 ரூபாய் கட்டணம். கடன் வாங்கியாவது போய் வா என்கிறாள் தோழி. போகட்டுமா?
– வாசகி, வேலூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கடன் வாங்க வேண்டாம். மௌனப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. கட்டணமே வாங்காமல் பத்து நாள் விபாசனா கற்றுத்தரும் மையங்கள் நம் நாட்டில் இருக்கின்றன. ஆனால் அங்கே நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் கண்மூடி உட்கார வேண்டியிருக்கும். துக்கம் ஆறாத நெஞ்சோடு இப்போதே அதில் இறங்குவது உங்களுக்குப் பெரும் பாரமாகிவிடும் என்பது என் எண்ணம். பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு நான் சொல்வது பக்கத்திலேயே இருக்கிறது. பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் திருவண்ணாமலை. போயிருப்பீர்கள், பௌர்ணமிக் கூட்டத்தில் தள்ளுண்டு சுற்றியும் வந்திருப்பீர்கள். இந்த முறை கூட்டமில்லாத ஒரு சாதாரண நாளில் போங்கள்.

என் அண்ணன் இறந்த பிறகு பதினொரு மாதம் எனக்கும் பிரார்த்தனை வரவில்லை. முதலில் ஒரு பௌர்ணமியன்று போய், பதினான்கு கிலோமீட்டரையும் மூன்று மணி நேரத்தில் முடித்தேன். எட்டு லிங்கங்களையும் எண்ணிக்கொண்டே ஓடியதில் கால்வலிதான் மிஞ்சியது. ஒன்பது மாதக் கர்ப்பிணியான மகாராணி நடப்பதுபோல் கிரிவலம் வர வேண்டும் என்று ரமண மகரிஷி சொன்னதாகப் பிற்பாடு ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். 1896இல் பதினாறு வயதில் அங்கே வந்த ரமணர், 1950இல் மறையும் வரை அந்த மலையை விட்டு அகலவில்லை. 1926 வரை அவரும் மலையைச் சுற்றி வந்தார். அன்பர்களோடு கிளம்பினால் வழியில் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட ஆகுமாம். அதே பதினான்கு கிலோமீட்டர்தான்!

அடுத்த முறை ஒரு புதன்கிழமை, விடிவதற்கு முன் ராஜகோபுரத்தடியில் தொடங்கினேன். மலைப்பக்கம் சித்தர்கள் நடக்கும் வழி என்பதால் நாம் இடது ஓரமாகப் போக வேண்டும் என்பார்கள். அப்படியே போனேன். நிருதி லிங்கம் தாண்டியதும் வெளிச்சம் வந்தது, எங்கோ மயில் அகவியது. கோயில் பக்கமிருந்து பார்த்தால் ஒற்றைச் சிகரமாக நிற்கும் மலை, நடக்க நடக்க விரிந்துகொண்டே போகிறது. குபேர லிங்கத்தருகே ஐந்து முகடுகளாகத் தெரியும், பஞ்சமுக தரிசனம் என்று நின்று கும்பிடுவார்கள். அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மந்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. வாய்விட்டுக் கூப்பிட்டேன். பதினொரு மாதத்தில் நான் செய்த முதல் பிரார்த்தனை அது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தக் கல்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் விளக்கேற்றுகிறீர்கள், பாட்டும் சொல்கிறீர்கள். அம்மாவைப் பற்றி அந்த விளக்கிடம் ஒரு வார்த்தையாவது பேசினீர்களா? அழுகை வந்துவிடும் என்று நீங்கள் அவசரமாகப் பாட்டை முடித்துவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது. நாளை மாலை பாட்டே வேண்டாம். விளக்கை ஏற்றிவிட்டு, எழுந்து அவர் நின்ற இடத்திலிருந்து விலகி, நீங்கள் வழக்கமாக நிற்கும் அதே இடத்தில் பின்னால் போய் நில்லுங்கள். சொல்ல வருவதைச் சொல்லுங்கள். கோபமாக வந்தாலும் சரி.

காலையில் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, கால் மணி நேரம் வாசலிலோ மாடியிலோ ஒரு மரத்தைப் பார்த்து உட்காருங்கள். எதையும் ஜபிக்க வேண்டாம். எந்தக் கிளையில் துளிர் விட்டிருக்கிறது, எந்தப் பறவை வருகிறது என்று பார்த்தால் போதும். முதல் வாரம் சலிப்பாகத்தான் இருக்கும். விட்டுவிடாதீர்கள்.

மூன்று மணி விழிப்பை மட்டும் நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இது பல வாரங்களாகத் தொடர்ந்தால், பசியும் குறைந்திருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம், மருந்தால் குணமாகக்கூடியது. மாத்திரை சாப்பிட்டால் பக்தி குறைந்துவிடாது, சகோதரி.

மலைக்குப் போகும்போது அதிகம் பேசாத ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள், இருட்டில் தனியாக நடக்க வேண்டாம். வெறுங்காலோடு நடப்பதுதான் வழக்கம். ஆனால் வெயில் ஏறினால் தார்ச்சாலைச் சூட்டில் கால் கொப்புளித்துவிடும், அதனால் சித்திரை, வைகாசியைத் தவிருங்கள். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றால் பாதியில் ஆட்டோ பிடித்துத் திரும்புங்கள், குறையொன்றுமில்லை. இல்லையென்றால் நடக்கவே வேண்டாம், மலை தெரியும் ஓரிடத்தில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கிளம்புமுன் அந்த வாரத்தில் பௌர்ணமி வருகிறதா என்று காலண்டரை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.